நாற்பத்தேழே முக்கால் கிலோ

பக்கிரிசாமி தராசுத் தண்டில் எடைக்குண்டை ஒரு பல் உள்ளே தள்ளினார், தண்டு ஆடியது, இன்னொரு பல் தள்ளினார், தண்டு அப்போதும் ஆடியது, அதற்குள் தவமணி கொல்லைக் கதவுக்கும் கிணற்றுக்கும் இடையில் மூன்று முறை நடந்து திரும்பிவிட்டாள். பறங்கிக்காய் தராசுப் பலகையின்மேல் கொடியோடு சேர்ந்தபடியே இருந்தது. கொடி இழுபட்டுக் காம்பு முறிந்துவிடாமல், பச்சைப்பிள்ளையின் தலையைத் தாங்குகிற மாதிரி, பக்கத்து வீட்டு அஞ்சம்மாள் அதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மார்கழிப் பனி இலைகளிலிருந்து சொட்டி அவள் முழங்கை வழியாக இறங்கியது.

"எவ்வளவுண்ணே?" என்றாள் தவமணி, நடையை நிறுத்தாமல்.

"நாப்பத்தேழே முக்கா."

"நேத்து?"

"நேத்தும் அதாம்மா. முந்தாநாளும் அதான்."

பக்கிரிசாமி இதைச் சந்தோஷமாகச் சொன்னார். அஞ்சம்மாள் தலையைத் தூக்கி அவரைப் பார்த்தாள், பிறகு தவமணியைப் பார்த்தாள், பிறகு ஒன்றும் சொல்லாமல் கொடியைத் தரையில் விட்டாள். அவள் ஒன்றும் சொல்லாமல் இருந்து அந்தத் தெரு பார்த்ததில்லை.

விதைகள் தவமணியின் புருஷன் மதியழகனுடையவை. பைபாஸ் ரோட்டுக்காக அவன் அப்பா வீட்டை இடித்தபோது, விதையைச் சாணத்தில் பொதிந்து சுவரில் அறைந்து காயவைத்திருந்த வறட்டி ஒன்று மிச்சமிருந்தது. அவன் அதை உளியால் பெயர்த்து, செய்தித்தாளில் சுற்றி, பீரோவில் வைத்துவிட்டு, கம்பி கட்டுகிற வேலைக்கு வெளிநாடு போனான். இரண்டு வருஷம் வெள்ளிக்கிழமை தவறாமல் பேசினான். சித்திரையில் ஒரு வெள்ளிக்கிழமை, கம்பெனியை மூடப் போகிறார்கள், எங்களை வேறு கேம்ப்புக்கு மாற்றுகிறார்கள் என்று சொல்லிவிட்டு, அந்த விதையை இந்த வருஷமாவது போடு, இன்னும் வைத்திருந்தால் முளைக்காது என்றும் சொல்லி போனை வைத்தான். அதன்பிறகு அந்த எண்ணில் மணி அடிக்கவில்லை. கூட இருந்தவர்கள் ஊர் திரும்பியபோது, அவனை வேறு லாரியில் ஏற்றியதைப் பார்த்தோம், எந்தப் பக்கம் போனது என்று தெரியாது என்றார்கள். தவமணி மனு எழுதினாள். மனு கிடைத்தது என்று பதில் வந்தது. மறுபடி எழுதினாள். மறுபடியும் கிடைத்தது என்று வந்தது.

ஆடியில் அவள் வறட்டியைத் தண்ணீரில் ஊறப்போட்டு உடைத்தாள். பதினான்கு விதை இருந்தது. ஒன்றைத் தன் கொல்லையில் ஊன்றிவிட்டு மிச்சத்தைத் தெருவிலிருந்த மற்றப் பதின்மூன்று வீட்டுக்கும் வீட்டுக்கு ஒன்றாகக் கொடுத்தாள். நாட்டுவிதையை ஒரே கொல்லையில் வைத்துக்கொள்ளக் கூடாது, ஒரு வீட்டில் பட்டுப்போனால் இன்னொரு வீட்டில் கேட்டு வாங்கலாம் என்று மதியழகன் சொல்வான். பதினான்கும் முளைத்தன. கொடி கூரையில் ஏறியது, மாட்டுக்கொட்டகையில் ஏறியது, டிஷ் ஆன்டெனாவைச் சுற்றிக்கொண்டு மூன்று வீட்டில் படம் தெரியாமல் செய்தது. புரட்டாசியில் பெண்கள் விடிந்ததும் விடியாததுமாக ஆண் பூவைக் கிள்ளி, இதழை உரித்து, பெண் பூவுக்குள் தடவிவிட்டார்கள். பிஞ்சு பிடித்தது. பிஞ்சை விரல் நீட்டிக் காட்டினால் அழுகிவிடும் என்பதால், எங்கே எங்கே என்று கேட்டவர்களுக்கு முகவாயால் காட்டினார்கள், அல்லது விரலை மடக்கி முட்டியால் காட்டினார்கள். ஒவ்வொரு கொடியிலும் அந்த வீட்டில் எத்தனை பேரோ அத்தனை பிஞ்சுதான் நின்றது, மற்றது உதிர்ந்தது. அதை அப்போது யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

ஐப்பசியில் காய்கள் வைக்கோல் சும்மாட்டின்மேல் உட்கார்ந்திருந்த இடத்திலேயே பெருத்துக்கொண்டு போயின. பஸ் ஸ்டாண்டில் இட்லிக்கடை போட்டிருந்த அஞ்சம்மாள், தன் காய் அறுபது கிலோவைத் தாண்டும் என்று பந்தயம் கட்டினாள். ரேஷன் கடையில் எடை போடுகிற பக்கிரிசாமி, கடைக்குப் புதுத் தராசு வந்தபிறகு மூலையில் கிடந்த பழைய இரும்புத் தராசைக் கைவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார். அதன் தண்டில் எண்கள் எல்லாம் தேய்ந்து போயிருந்தன, எந்தப் பல்லில் குண்டு நின்றால் எவ்வளவு என்று அவருக்கு மட்டும்தான் தெரியும். காயை நிறுத்தார், அறுபத்தெட்டரை. காயை இறக்கியதும், என்னையும் ஒரு தடவை போடு என்று அஞ்சம்மாள் வேடிக்கைக்குப் பலகையில் ஏறி நின்றாள். பக்கிரிசாமி குண்டைத் தொடவில்லை. தண்டு தானாகச் சமமாக நின்றது.

மறுநாளிலிருந்து தெரு முழுக்க நிறுத்தார்கள். ஒவ்வொரு காயும் அந்தந்த வீட்டில் ஒருவருடைய எடைக்கு வந்து நின்றிருந்தது, அவர் ஏறினால் அதுவும் ஏறியது, இறங்கினால் இறங்கியது, உருவத்தில் மட்டும் மாற்றமில்லை. ஒரு வாரத்துக்கு இதைப் பற்றிப் பேசினார்கள், அடுத்த வாரம் இதை வைத்துப் பேசினார்கள். குடிதண்ணீர்க் குழாயடியில் "என்னடி எழுபத்தொம்போது, குடத்தத் தள்ளி வையி" என்று ஒருத்தி சொல்லி, அது இரண்டு குடும்பம் பேசாமல் போகிற வரைக்கும் முற்றியது, அதிலிருந்து பெண்களுடைய காய்களைப் பழைய பாவாடை போட்டு மூடிவைத்தார்கள். சுகாதார நர்ஸ் தன் தராசைத் தூக்கி வருவதை விட்டுவிட்டு, காய் எவ்வளவு என்று கேட்டு எழுதிக்கொண்டு போனார். நிறைமாதமாக இருந்த ஒரு பெண்ணின் காய் அவளுக்குப் பிரசவமான அன்று ஐந்து கிலோ குறைந்தது, அதே கணுவில் இரண்டே முக்கால் கிலோவில் ஒரு குட்டிக்காய் இருந்தது, அதற்கும் பொட்டு வைத்தார்கள். போலீஸ் செலக்‌ஷனுக்கு எடை போதாத சுரேந்திரன் தன் கொடிக்கு யூரியாவும் கடலைப்புண்ணாக்கும் கரைத்து ஊற்றினான், பத்து நாள் ஊற்றியும் காய் அசையவில்லை, பிறகு அவனே தினம் ஆறு வாழைப்பழம் தின்றான், காய் ஒன்றரை கிலோ ஏறியது. கொடிக்குப் போடுவது ஆளுக்குப் போய்ச் சேராது, ஆள் தின்றால்தான் காய்க்கு என்று எல்லோருக்கும் அதிலிருந்து தெரிந்தது.

தவமணியின் கொடியில் இரண்டு காய். ஒன்று ஐம்பத்தொன்று, அவள். இன்னொன்று ஐம்பத்தெட்டரை. தெருவில் எல்லோரும் ஏறி இறங்கியும் அந்த எடைக்கு யாரும் இல்லை. அவள் பீரோவைத் திறந்து, மதியழகன் வெளிநாடு போக மெடிக்கல் எடுத்த தாளைத் தேடி எடுத்தாள், அதில் அறுபத்து மூன்றரை என்று இருந்தது. தாளைக் கையில் வைத்துக்கொண்டு கொல்லைக்கு வந்து, "இது அவர்" என்று விரலை நீட்டிக் காட்டினாள்.

"வெரல மடக்குடி" என்று அஞ்சம்மாள் அவள் கையைத் தட்டிவிட்டாள். ஆனால் நீட்டியது நீட்டியதுதான். மறுநாள் காய் கால் கிலோ குறைந்திருந்தது. அதற்கு மறுநாள் இன்னொரு கால் கிலோ. தவமணி ஆள்காட்டி விரலில் துணியைச் சுற்றிக் கட்டிக்கொண்டாள். அந்தத் துணியோடு சமைத்தாள், பெருக்கினாள், ஈரமானால் வேறு துணி கட்டினாள். அவளால் உட்கார முடியவில்லை. சோற்றைத் தட்டில் போட்டுக்கொண்டு நடந்தபடியே தின்றாள், பெருக்கிய வாசலை மறுபடி பெருக்கினாள், பஸ் சத்தம் கேட்டால் தெருமுனை வரைக்கும் போனாள், போன வேகத்தில் திரும்பிவந்து காயின்மேல் கையை வைத்துப் பார்த்தாள்.

கார்த்திகைக் கடைசியில் வைத்தியலிங்கம் வாத்தியார் சர்க்கரை முற்றி இறந்துபோனார். பக்கிரிசாமி அப்போது மாலை போட்டு மலைக்குப் போயிருந்தார், அந்த ஆறு நாளும் நெல் வியாபாரியின் தராசைக் கேட்டு வாங்கி நிறுத்தார்கள். உயிரோடிருந்தவர்கள் எல்லோருடைய காயும் தினமும் கையளவாவது ஏறியோ இறங்கியோ இருந்தது. வாத்தியாரின் காய் மட்டும் ஐம்பத்துநான்கே காலில் நின்றது. ஆறு நாளும் நின்றது. அது அழுகவுமில்லை, கருமாதியன்று அதை வெட்டிக் குழம்பு வைத்தார்கள், தேன் மாதிரி இருந்தது என்று பந்தியில் ஒருவர் சொல்லிவிட்டு அப்புறம் இலையைப் பார்த்தபடியே சாப்பிட்டார். பெண்கள் குழாயடியில் இதைத் தங்களுக்குள் முடிவு செய்தார்கள். செத்தவர் காய் நிற்கும். தவமணி காதில் விழக்கூடாது என்பதால் இதை யாரும் உரக்கச் சொல்லவில்லை, ஆகையால் மலையிலிருந்து திரும்பிவந்த பக்கிரிசாமி காதிலும் விழவில்லை. ஆனாலும் தவமணிக்கு அன்றே தெரிந்துவிட்டது.

அதிலிருந்து அவள் கேள்வி மாறியது. முன்பெல்லாம் குறைந்திருக்கிறதா என்று பயந்துகொண்டு கேட்டவள், இப்போது குறைந்திருக்கிறதா என்று ஆசையாகக் கேட்டாள். ஒவ்வொரு கால் கிலோவும் அவன் போட்ட கடிதம். எங்கேயோ ஒரு லாரி இறக்கிவிட்ட இடத்தில் அவன் பட்டினி கிடக்கிறான், கிடக்கிறதால் இருக்கிறான். நாற்பத்தொன்பது என்று பக்கிரிசாமி சொன்னபோது அவளுக்கு அழுகை வந்தது, அதே சமயம் மூச்சும் வந்தது. நாற்பத்தேழே முக்கால் என்று சொன்ன அன்று அவள் கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டு முந்தானையை வாயில் வைத்துக் கடித்தாள். அன்று பக்கிரிசாமி தராசை மூடிவைக்க ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார்.

அதற்கு அடுத்த நாளும் நாற்பத்தேழே முக்கால். அதற்கடுத்த நாளும். நான்காம் நாள் அவள் காலையில் இரண்டு முறை நிறுக்கச் சொன்னாள். ஆறாம் நாள் மத்தியானம் ரேஷன் கடைக்கே போய், வரிசையில் நின்றவர்களைத் தாண்டி, சாயங்காலம் ஒரு தடவை வந்து போடுங்கண்ணே என்று கூப்பிட்டாள். பக்கிரிசாமி வந்தார், போட்டார், "அதே நெலதாம்மா, ஒன்னுங் கொறயல, நிம்மதியா இரு" என்றார். அந்த வருஷம் தெருவில் மார்கழிக் கோலங்களின் சாணப் பிள்ளையாருக்குப் பறங்கிப்பூ வைக்கவில்லை, யாருக்கும் கொடியிலிருந்து பூவைக் கிள்ள மனசு வரவில்லை, செம்பருத்தி வைத்தார்கள். தவமணி வாசலில் கோலமே இல்லை. சாணத்தைக் கையில் எடுத்தவள் அப்படியே கொல்லைக்குப் போய்விடுவாள்.

தெருவில் பத்து வீடு மதியழகனுக்குப் பங்காளி வீடு. அவன் இல்லையென்று ஆகிவிட்டால் பங்காளித் தீட்டால் அந்தப் பத்து வீட்டிலும் பொங்கல் பானை ஏற்ற முடியாது. இதையும் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் புதுப்பானை வாங்கப் போவதைத் தள்ளிப்போட்டார்கள், வெள்ளையடிக்க வந்த ஆளை அடுத்த வாரம் வரச் சொன்னார்கள். பதினோராம் நாள் காலையில் பங்காளி வீட்டுப் பெண்கள் மூன்று பேர் தவமணியின் கொல்லைக்கு வந்து, வாழைக்குப் பக்கத்தில் நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் அஞ்சம்மாள் வந்தாள். அவள் தவமணி பிறந்த ஊர்க்காரி. தவமணிக்குத் தாய் தகப்பன் இல்லை, கூடப்பிறந்தவர்களும் இல்லை, ஆகையால் தீபாவளிச் சீரானாலும் பொங்கல் பானையானாலும் பிறந்த வீட்டு முறைக்கு இத்தனை வருஷமாக அஞ்சம்மாள்தான் கொண்டுவந்து கொடுத்தாள். அன்றும் கையில் ஒரு மஞ்சள் பை வைத்திருந்தாள். பைக்குள் மடிப்புக் கலையாத புடவை ஒன்று இருப்பது வெளியே தெரிந்தது. புருஷன் போனவளுக்குப் பிறந்த வீட்டார்தான் கோடி போட வேண்டும். தவமணி பையைப் பார்த்தாள். அப்புறம் நடக்க ஆரம்பித்தாள்.

பக்கிரிசாமி வந்து பெண்களைப் பார்த்து, என்ன இன்னிக்குக் கூட்டமாக இருக்கிறது என்று கேட்டுக்கொண்டே தராசைக் காய்க்குப் பக்கத்தில் தள்ளிவைத்தார். இரண்டு பேராகக் காயைப் பலகைக்கு நகர்த்தினார்கள். அடியிலிருந்த வைக்கோல் சும்மாடு பனியில் நனைந்து கறுத்துப் போயிருந்தது. அஞ்சம்மாள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கொடியை ஏந்தினாள். குண்டு நகர்ந்தது. தண்டு ஆடியது. நின்றது.

"நாப்பத்தேழே முக்கா" என்றார் பக்கிரிசாமி.

வாழைக்குப் பக்கத்தில் நின்றவர்களில் ஒருத்தி முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். தவமணி நடப்பதை நிறுத்தினாள். ஐப்பசியிலிருந்து நடந்துகொண்டிருந்தவள் கிணற்றடிக் கல்லில் உட்கார்ந்தாள்.

"பொங்கலுக்குள்ள ஒரு முடிவுக்கு வந்துரணும், தவம்" என்றாள் அஞ்சம்மாள். குரல் அவளுடையதாகவே இல்லை. "பதினோரு நாளா நிக்குது."

"நின்னா நல்லதுதானே" என்றார் பக்கிரிசாமி.

அவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். அவருடைய தொழிலில் எடை நிற்பதைவிட நல்ல சேதி கிடையாது, வந்த சரக்கும் இருக்கிற சரக்கும் ஒன்றாக நின்றால் அன்றைக்கு யாரும் யாரையும் ஒன்றும் கேட்க முடியாது. அஞ்சம்மாள் வாத்தியார் காயைப் பற்றி மெதுவாக அவருக்குச் சொன்னாள், அந்த ஆறு நாளைப் பற்றி, நெல் வியாபாரியின் தராசைப் பற்றி. சொல்லச் சொல்ல அவர் குண்டைப் பிடித்திருந்த கை கீழே இறங்கியது.

"நான் சொன்னதுதான் நின்னுச்சு" என்றார். "காய் நிக்கல."

"என்ன சொல்றீங்க?" என்றாள் பங்காளி வீட்டுப் பெண்களில் ஒருத்தி.

"கொறயிதுன்னு சொல்லச் சொல்ல இந்தப் புள்ள படுற பாட்டப் பாக்க முடியல ஆத்தா. நாப்பத்தேழே முக்கால்ல நிறுத்திக்குவோம்னு நானா நிறுத்திட்டேன். தெனம் கொறஞ்சுக்கிட்டுதான் இருக்கு."

முப்பது வருஷமாக அந்த ஊரில் பக்கிரிசாமி என்றால் எடையைக் குறைத்துப் போடுகிறவர் என்று பேர். கிலோவுக்கு ஐம்பது கிராம் எங்கே போகிறது என்று அவர் முகத்துக்கு நேரே கேட்டதில் அஞ்சம்மாள்தான் முதல் ஆள். இப்போது அவள் கொடியை ஏந்தியபடியே, "ஒங் கைக்கு ஆயுசுல ஒரு நாளாவது சரியா நிறுக்கத் தெரியுமாய்யா?" என்றாள், கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

தவமணி எழுந்து வந்தாள். "இன்னிக்கு எவ்வளவு?"

"நேத்து நாப்பத்தஞ்சே கால். இன்னிக்கு நாப்பத்தஞ்சரை."

"கூடியிருக்கா?"

"கால் கிலோ கூடியிருக்கு."

"இதும் என் மனசுக்காகச் சொல்றீங்களாண்ணே?"

பக்கிரிசாமி அவள் கையைப் பிடித்துத் தண்டின்மேல் வைத்து, மற்றதைவிட ஆழமாக இருந்த ஒரு பல்லைத் தொட்டுக் காட்டி, இது நாற்பது, இங்கிருந்து ஒரு பல் கால் கிலோ, நீயே எண்ணு என்றார். துணி சுற்றிய விரலுக்குப் பல் தட்டுப்படவில்லை. அவள் துணியைப் பல்லால் கடித்து அவிழ்த்துப் போட்டுவிட்டு, வெளுத்துச் சுருங்கியிருந்த விரலால் ஒவ்வொரு பல்லாக எண்ணினாள், குரல் விட்டு எண்ணினாள், வாழைக்குப் பக்கத்தில் நின்றவர்களும் உதட்டுக்குள் கூடவே எண்ணினார்கள். இருபத்திரண்டாவது பல்லில் குண்டு இருந்தது. அவள் திரும்பப் போய் நாற்பதிலிருந்து மறுபடி எண்ணினாள். இருபத்திரண்டு.

நேற்று இருபத்தொன்றாவது பல்லில் இருந்தது என்பதற்குப் பக்கிரிசாமியின் வார்த்தையைத் தவிர வேறு ஒன்றும் இல்லை. அது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எங்கேயோ யாரோ அவனுக்கு ஒரு வேளைச் சோறு போட்டிருக்கலாம். போடாமலும் இருந்திருக்கலாம். நாளைக்கு எத்தனை மணிக்கு வருவீர்கள் என்று தவமணி கேட்டாள், வழக்கம்போல ஆறு மணிக்கு என்றார் அவர், ஐந்தரைக்கு வாருங்கள், நான்தான் எண்ணுவேன் என்றாள். சொல்லிக்கொண்டே கதவு வரைக்கும் நடந்தாள், திரும்பி வந்தாள், மறுபடி போனாள். பங்காளி வீட்டுப் பெண்களில் ஒருத்தி, வெள்ளையடிக்கிற ஆள் வேறு ஊர் வேலைக்கு இன்னும் பஸ் ஏறியிருக்க மாட்டான் என்று சொல்லிவிட்டு வேகமாகப் போனாள். மற்ற இருவரும் சந்தைக்குப் போய்ப் பானையும், பொங்கல் குழம்புக்கு வெளியூர்ப் பறங்கிக்கீற்றும் வாங்குவது பற்றிப் பேசியபடி அவளுக்குப் பின்னால் போனார்கள். பேச்சின் நடுவில் ஒருத்தி, பறங்கியை வாழையிலையில் சுற்றித்தான் தெருவுக்குள் கொண்டுவர வேண்டும் என்றாள்.

பக்கிரிசாமி காயைப் பலகையிலிருந்து தூக்கி இறக்கப் போனார். அஞ்சம்மாள் அவரைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு, அழுகிய வைக்கோலை வாரித் தூரப் போட்டாள். மஞ்சள் பையிலிருந்து புடவையை எடுத்து உதறினாள், கடை மடிப்பு கோடு கோடாகத் தெரிந்தது, நீளவாக்கில் முறுக்கி, வட்டமாகச் சுற்றி, நுனியை உள்ளே செருகித் தரையில் வைத்து, உள்ளங்கையால் ஒரு தடவை அழுத்திப் பார்த்தாள். காயை அதன்மேல் இறக்கினார்கள். காலிப் பையை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, கடையில் இட்லிப்பானை அடுப்பிலேயே இருக்கிறது என்று அவள் கிளம்பினாள்.